1:12 துப்பாக்கி பேரலுல 100 கிரெயின் குண்டு நிக்காதா? யார் சொன்னா?

கெர்வில் குமரேசன்:
புதுசா வேட்டைக்கு வர்ற ஒரு தம்பிக்கு இங்க ஒரு பெரிய மனுசர் அட்வைஸ் குடுத்திருக்கார், பழைய .244 ரெமிங்டன் ரைஃபிள் 1:12 ட்விஸ்ட்டு (பேரல் உள்ள இருக்கற வரி 12 இன்ச்சுக்கு ஒரு சுத்து), மானுக்கு 100 கிரெயின் (குண்டு எடை, சுமார் 6.5 கிராம்) போட்டா குண்டு பறக்கும்போது குட்டிக்கரணம் அடிக்கும், வித்துத் தொலைன்னு. படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. பேரல் என்ன தராசா வச்சிருக்கு எடை பாக்க? ட்விஸ்ட்டுக்கு குண்டோட நீளம்தான் கணக்கு, நீளமான குண்டுக்குத்தான் வேகமான சுத்து வேணும். உருண்டை மூக்கு 100 கிரெயின் கட்டையா இருக்கும், 1:12லயே நேரா போகும். என் டார்கெட் போட்டோ கீழ.

வாத்தியார்_6எம்எம்:
பெரிய மனுசர் நான்தான், பேரச் சொல்லியே திட்டலாம். 1955ல வின்செஸ்டர் கம்பெனி .243ங்கற 6எம்எம் தோட்டாவை 1:10ல விட்டான், மானுக்கு 100 கிரெயின்னு சொல்லி வித்தான். ரெமிங்டன் அதே வருசம் .244ஐ 1:12ல விட்டான், 90 கிரெயினோட நிறுத்திட்டான். சனம் எந்தப் பக்கம் போச்சுன்னு ஊருக்கே தெரியும். அப்புறம் 1:9க்கு மாத்தி, 1963ல 6எம்எம் ரெமிங்டன்னு பேரையும் மாத்தினான். நிக்கும்னா எதுக்குய்யா மாத்தினான்?

கெர்வில் குமரேசன்:
விக்கல, மாத்தினான். அவன் வியாபாரம் அவனுக்கு. நான் கேட்டது நீளம்.

வாத்தியார்_6எம்எம்:
எதுக்கு மாத்தினான்? அதச் சொல்லுங்க மொதல்ல. அப்புறம் உங்க போட்டோல வலது மேல இருக்கற ஓட்டை வட்டமாவே இல்லயே, நீளவாக்குல கிழிஞ்சிருக்கு. குண்டு பக்கவாட்டுல போனா அப்படித்தான் விழும்.

கெர்வில் குமரேசன்:
பேப்பர் பனில நனைஞ்சு கிழிஞ்சது!! மீதி ஓட்டையெல்லாம் கண்ணுக்குத் தெரியலயா?

சாதாரணன்:
அண்ணே, கலிபோர்னியால 2019 ஜூலைல இருந்து வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. செம்புக் குண்டு அதே எடைல இன்னும் நீளமா வருதே, என் .243 1:10க்கு 80 போடவா 100 போடவா?

வாத்தியார்_6எம்எம்:
80 போடுங்க தம்பி, செம்பு உடையாது, மானுக்குத் தாராளம். குமரேசன் சார், அந்த ஓட்டை?

கெர்வில் குமரேசன்:
பாத்தீங்களா, செம்பு நீளம்னு வந்ததும் எடையக் குறைக்கச் சொல்றார்! அதத்தான நான் முதல்லயே சொன்னேன்!

வாத்தியார்_6எம்எம்:
நான் கூர்மூக்குக் குண்டப் பத்தி சொன்னேன், அது அதே எடைல உருண்டை மூக்க விட நீளம், கடைல இன்னைக்கு எவன் 6எம்எம் உருண்டை மூக்கு வச்சிருக்கான்? புதுப் பையன் போய் 100 கிரெயின்னு கேட்டா கூர்மூக்கு பெட்டியத்தான் நீட்டுவான், அதப் போட்டு அரைகுறையா சுத்திப் போயி மான் வயித்துல பட்டா யாரு ராத்திரி முழுக்க டார்ச் அடிச்சுத் தேடுறது, நீங்களா?

ஏஆர்_ஆறுமுகம்:
சண்டை எதுக்கு, .223 வாங்குங்க. அமெரிக்க ராணுவத்தோட எம்16ஏ1 ரைஃபிள் 1:12ல 55 கிரெயின், எம்16ஏ2ல 62 கிரெயின் வந்ததும் 1:7 ஆக்கிட்டான். என் 1:8 எல்லாத்தையும் தின்னும்.

வாத்தியார்_6எம்எம்:
கொலராடோ பக்கம் அதத் தூக்கிட்டு மானுக்குப் போங்க, குண்டு விட்டம் .24 இன்ச்சுக்கு கீழன்னா அங்க அனுமதியே இல்ல. போன சீசன் ஸ்கோப் விஷயத்துலயும் இப்படித்தான் நடுவுல வந்து விழுந்தீங்க.

ஏஆர்_ஆறுமுகம்:
நான் இருக்கறது டெக்சாஸ். அந்த ஸ்கோப்புக்கு இன்னும் காசு வரல, ஞாபகம் இருக்கட்டும்.

பசுமை விரும்பி:
வெக்கமா இல்லையா? நம்மூர்ல 1972 வனவிலங்குச் சட்டப்படி மானைத் தொட்டா ஜெயில்.

கெர்வில் குமரேசன்:
இங்க டெக்சாஸ் ஹில் கன்ட்ரில திரியறதே நம்மூர் புள்ளிமான்தான், 1930கள்ல கொண்டாந்து விட்டது, இப்ப வருசம் முழுக்க லைசென்ஸோட சுடலாம். போய் வேற வேலையப் பாருங்க. வாத்தியாரே, க்ளீனிங் ராட்ல இறுக்கமா துணி மாட்டி, ராட்ல ஒரு கோடு போட்டு உள்ள தள்ளி, ஒரு முழு சுத்துக்கு எத்தன இன்ச் போகுதுன்னு என்னைக்காவது அளந்திருக்கீங்களா? என்னுது சரியா 12.

வாத்தியார்_6எம்எம்:
12ன்னு நானும்தான் சொல்றேன்! அதனாலதான் ஓட்டை அப்படி விழுந்திருக்கு.

கெர்வில் குமரேசன்:
பனிய்யா அது, பனி! சனிக்கிழமை காஞ்ச பேப்பர்ல சுட்டு போட்டோ போடறேன்.

வாத்தியார்_6எம்எம்:
கூர்மூக்குல சுடுங்க. பெட்டி லேபிளும் போட்டோல தெரியணும். அப்படியே எதுக்கு மாத்தினான்னும் எழுதிடுங்க.