உயர்த்திய ஹைலக்ஸ்: இரண்டு முறை அலைன்மென்ட் செய்தும் இடப்பக்கம் இழுக்கிறது

தென்னந்தோப்பு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பொள்ளாச்சிக்கு அருகில் தோப்பு வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் வரப்புப் பாதையில் வண்டியின் அடிப்பகுதி தட்டிக்கொண்டே இருந்ததால், 17 அங்குலச் சக்கரம் கொண்ட என் டொயோட்டா ஹைலக்ஸை இரண்டு மாதங்களுக்கு முன் உயர்த்தினேன். முன்பக்கம் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தண்டு) தலையில் 25 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்தார்கள். பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்து, பழையதைவிட 50 மில்லிமீட்டர் நீளமான ஷேக்கிளையும் (லீஃப் ஸ்பிரிங்கின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் துண்டு) மாட்டினார்கள். டயர் 265/65 அளவிலிருந்து 265/70க்கு மாறியது.

அன்று முதல் வண்டி நேராக ஓடவில்லை. உடுமலை சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் தண்ணீரில் மிதப்பதைப் போல ஸ்டியரிங் லேசாகிவிடுகிறது. கையைச் சற்றுத் தளர்த்தினால் இடப்பக்கம் இழுக்கிறது. வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், ஒவ்வொரு வளைவு முடிந்த பிறகும் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராததால் நானே திருப்பி வைக்க வேண்டியிருக்கிறது. வியப்பாக இருப்பது என்னவென்றால், பின்னால் பத்துப் பதினைந்து மூட்டை தேங்காய் ஏற்றிவிட்டால் இந்தக் கோளாறு பாதிக்கு மேல் குறைந்துவிடுகிறது.

இரண்டு கடைகளில் அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் வேலை) செய்தேன். முதல் கடையில் கொடுத்த தாளில் டோ (முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) பச்சை நிறத்தில் இருந்தது. காஸ்டர் கட்டங்கள் காலியாக இருந்தன. இரண்டாவது கடையின் தாளில் காஸ்டர் இடது 1°05', வலது 1°40' என்றும், கேம்பர் (சக்கரம் பக்கவாட்டில் சாயும் கோணம்) இடது +0°35', வலது +0°05' என்றும் சிவப்பில் உள்ளன. "உயர்த்திய வண்டிக்கு இவ்வளவுதான் வரும்" என்று சொல்லி டோவை மட்டும் சரிசெய்து அனுப்பிவிட்டார்கள். முன் டயர்களை இதற்காகப் பலிகொடுக்க மனமில்லை. அப்பர் ஆர்ம் (சக்கரத்தை மேற்புறம் தாங்கும் கை) மாற்றினால்தான் சரியாகுமா?

பட்டறை அனுபவம்

வணக்கம் ஐயா. பதினெட்டு ஆண்டுகளாக அலைன்மென்ட் பள்ளத்தில் நின்று வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இப்போதைக்கு அப்பர் ஆர்ம் வாங்க வேண்டாம். நீங்கள் எழுதிய தேங்காய் மூட்டை விவரத்திலேயே கோளாறின் பெரும்பகுதி வெளிப்பட்டுவிட்டது.

காஸ்டர் என்பது சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம். ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவதும், வேகத்தில் வண்டி நிலையாக ஓடுவதும் இந்தச் சாய்வினால்தான். வண்டியின் பின்பக்கத்தை மட்டும் தூக்கினால் சேசிஸ் முழுவதும் முன்னோக்கிக் கவிழ்வதால், அந்த அச்சும் அதே அளவுக்கு நிமிர்ந்துவிடும். ஹைலக்ஸின் வீல்பேஸ் 3,085 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால், முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் 54 மில்லிமீட்டர் அதிகமாக உயர்ந்தால் ஒரு டிகிரி காஸ்டர் போய்விடும். மூட்டை ஏற்றியதும் பின்பக்கம் தாழ்ந்து, இழந்த காஸ்டரில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கிறது. வண்டியும் நேராக ஓடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்ட்ரட், சக்கரத்தைக் கீழ்ப்புறம் தாங்கும் லோயர் ஆர்மின் நடுப்பகுதியில் அமர்ந்திருப்பதால், அதன் தலையில் வைக்கும் 25 மில்லிமீட்டர் ஸ்பேசர் சக்கரத்தின் இடத்தில் ஏறத்தாழ இரு மடங்கு உயரத்தைக் கொடுக்கும். ஆகவே முன்பக்கம் நீங்கள் சுமார் 50 மில்லிமீட்டர் உயர்ந்திருப்பீர்கள். அந்த உயரத்தில் லோயர் ஆர்ம் கீழ்நோக்கிச் சரிவதாலும் காஸ்டர் குறையும், கேம்பர் மாறும். ஆயினும் 50 மில்லிமீட்டர் வரை கம்பெனி கொடுத்த, திருகினால் லோயர் ஆர்மின் இடத்தை நகர்த்தும் கேம் போல்டுகளைக் கொண்டே பெரும்பாலும் சரிக்கட்ட முடியும்.

முதலில் சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரங்களிலும் ஹப்பின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் அளவும் காற்றும் கணக்கைக் கெடுத்துவிடும். உயர்த்தாத அதே மாடல் வண்டி ஒன்றையும் அளந்து, வித்தியாசத்தை இங்கே எழுதுங்கள்.

மலைப்பாதை

முன்னவர் சொன்னதோடு உடன்படுகிறேன். இழுப்பு ஏன் இடப்பக்கம் என்பதும் உங்கள் தாளிலேயே இருக்கிறது. காஸ்டர் குறைவாக இருக்கும் பக்கத்துக்கு வண்டி இழுக்கும். உங்களுக்கு அது இடது. கேம்பர் பிளஸ் (+) அளவில் அதிகமாக இருக்கும் பக்கத்துக்கும் இழுக்கும், அதுவும் இடது. போதாததற்கு நம் சாலைகள் மழைநீர் வடிவதற்காக இடது ஓரமாகச் சரிந்திருக்கின்றன. மூன்றும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டால் டோவை எத்தனை முறை திருகினாலும் இழுப்பு நிற்காது.

அந்தக் காலிக் கட்டங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. காஸ்டரை இயந்திரம் சும்மா படித்துவிடாது. முன்சக்கரங்களைச் சுழல்தட்டின் மீது நிறுத்தி, இடமும் வலமும் குறிப்பிட்ட அளவு திருப்பிக் காட்டினால்தான் அந்த எண் கிடைக்கும். அதைச் செய்யாமல் டோவை மட்டும் பார்த்து அனுப்பும் பழக்கம் பல இடங்களில் உள்ளது. வேலை தொடங்குவதற்கு முன்பே, காஸ்டர் அளவையும் சேர்த்து முன்–பின் இரண்டு தாளும் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

தென்னந்தோப்பு

விளக்கமாக எழுதிய இருவருக்கும் நன்றி. பக்கத்து ஊர் நண்பரின் வண்டியோடு ஒப்பிட்டு அளந்தேன். முன்பக்கம் இருபுறமும் 50 மில்லிமீட்டர் கூடுதல். பின்பக்கம் 85 மில்லிமீட்டர் கூடுதல். கேம் போல்டைப் பார்க்கலாம் என்று குனிந்தால், இடப்பக்கத்துப் பின் போல்ட் துருவேறி, தலையில் உள்ள கோடுகள்கூடத் தெரியாத அளவுக்குச் சேறு அப்பியிருக்கிறது. இரண்டாவது கடையில் அதைத் தொட்டே பார்க்கவில்லை என்று இப்போது புரிகிறது.

பட்டறை அனுபவம்

35 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் ஏறத்தாழ 40 நிமிடக் காஸ்டர் அதிலேயே போயிருக்கிறது. தாளில் உள்ளவை டிகிரியும் நிமிடமும்; 60 நிமிடம் சேர்ந்தது ஒரு டிகிரி. 1°30' என்பதை 1.30 என்று படித்துக் குழம்புவோர் உண்டு என்பதால் சொல்கிறேன்.

நீளமான ஷேக்கிளைக் கழற்றிவிட்டுப் பழையதையே மாட்டுங்கள். ஷேக்கிளில் கூட்டிய நீளத்தில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும். ஆகவே 25 மில்லிமீட்டர் அளவுக்குப் பின்பக்கம் இறங்கும். அப்போதே பட்டைகளை ஆக்சிலோடு பிணைக்கும் யூ போல்டுகளையும் பாருங்கள். கூடுதல் பட்டை சேர்த்தபோது, பட்டைகளை நடுவில் கோர்க்கும் சென்டர் போல்டின் தலை அதன் குழியில் சரியாக உட்காராமல் இருந்தால், பின் ஆக்சில் கோணலாக நிற்கும். முன்பக்கம் என்ன செய்தாலும் ஸ்டியரிங் நேராக நிற்காது.

துருப்பிடித்த போல்டுக்கு இரண்டு நாள் முன்பிருந்தே துரு நீக்கும் எண்ணெயை விட்டு ஊறவையுங்கள். வலுக்கட்டாயமாகத் திருகினால் புஷ்ஷின் (ஆர்மின் மூட்டில் உள்ள ரப்பர் உறை) உள்குழாயும் சேர்ந்து சுழன்று ரப்பர் கிழிந்துவிடும். இரும்போடு இரும்பாக ஒட்டியிருந்தால் அறுத்து எடுத்துவிட்டுப் புதிய போல்ட் போடுவதே மரியாதை.

லோயர் ஆர்மின் முன் கேமை உள்நோக்கியும் பின் கேமை வெளிநோக்கியும் நகர்த்தினால், ஆர்மின் முனையில் சக்கரத்தோடு சேரும் கீழ் பால் ஜாயின்ட் முன்னே வந்து காஸ்டர் கூடும். இரண்டையும் ஒரே திசையில் நகர்த்தினால் கேம்பர் மாறும். ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அசையும் என்பதால் இதற்குப் பொறுமை வேண்டும். அரை நாள் ஆனாலும் ஆகும். முதலில் காஸ்டர், அடுத்து கேம்பர், கடைசியில்தான் டோ. இடது காஸ்டரை வலதைவிடக் கால் டிகிரி அளவுக்கு அதிகமாக வைத்தால் சாலைச் சரிவுக்கு ஈடாகும். போல்டுகளை இறுதியாக இறுக்கும்போது வண்டியின் எடை சக்கரத்தில் இருக்க வேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கினால், வண்டியை இறக்கியதும் புஷ் முறுகிக்கொண்டு, சில மாதங்களில் கிழிந்துவிடும்.

மலைப்பாதை

ஒரு சிறு எச்சரிக்கை. சக்கரம் முன்னே நகர்வதால், முழுதாகத் திருப்பும்போது டயர் மட்கார்டின் உட்புறத்து முன் லைனரில் உரசுகிறதா என்று இருபுறமும் பாருங்கள். டோ மாற்றிய பிறகு வழுக்கல் கட்டுப்பாட்டு விளக்கு எரிந்தால், ஸ்டியரிங் கோண சென்சாரை ஸ்கேனர் வைத்துப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

தென்னந்தோப்பு

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பழைய ஷேக்கிளை மாட்டினோம். சென்டர் போல்ட் சரியாகவே இருந்தது. இடப்பக்கத்துப் பின் கேம் போல்டை அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. கோயம்புத்தூரில் பொறுமையாக வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் காலை பத்து மணிக்கு விட்டு, மாலை நான்கு மணிக்கு எடுத்தேன். இப்போது காஸ்டர் இடது 2°50', வலது 2°35'. கேம்பர் இருபுறமும் கிட்டத்தட்டப் பூஜ்ஜியம். லைனரில் உரசல் இல்லை.

நேற்று காலி வண்டியோடு வால்பாறைக்குப் போய் வந்தேன். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் சக்கரம் என் உள்ளங்கைக்குள்ளேயே வழுக்கிக்கொண்டு தானாக நேருக்கு வந்தது. புதிதாகப் போட்ட பட்டை படிந்து அமர்வதற்கு நாள் பிடிக்கும் என்பதால், ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் உயரத்தை மறுபடி அளந்துவிட்டு அதே பெரியவரிடம் ஒருமுறை காட்டப் போகிறேன்.