கைராத் அல்மாட்டி: 1954-ல ஆரம்பிச்ச கிளப்புக்கு 5 லீக் பட்டம்தானா?

கார்னர்கொடி:
2025-ல ஸ்காட்லாந்தோட செல்டிக்கை வெளியே தள்ளி சாம்பியன்ஸ் லீக்குக்குள்ள வந்தாங்களே, அந்த நாள்லேர்ந்து இந்த கஜகஸ்தான் கால்பந்து கிளப் கைராத் மேல ஒரு கண்ணு. சரி, வரலாறு என்னன்னு பார்க்கப் போனா தலை சுத்துது. 1954-ல தொடங்கின கிளப்புன்னு இருக்கு. லீக் பட்டம் எண்ணினா 1992, 2004, 2020, 2024, 2025, அவ்வளவுதான். நேத்து முளைச்ச அஸ்தானா 7 வச்சிருக்கு. அப்புறம் எப்படி எல்லாரும் கைராத்தைத்தான் கஜகஸ்தானோட பெரிய கிளப்புங்கறாங்க? 1954-க்கும் 1992-க்கும் நடுவுல 38 வருஷம் என்னதான் பண்ணிட்டு இருந்தாங்க? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

இடதுகால்:
நடுவுல சோவியத் யூனியன்னு ஒண்ணு இருந்துச்சு நண்பரே. கஜகஸ்தானுக்குன்னு தனி லீக் வந்ததே 1992-லதான். அந்த முதல் பட்டமே கைராத்துக்குத்தான், கோப்பையும் அதே வருஷம். சோவியத் காலத்துல அவங்க பெருசா எதுவும் ஜெயிக்கல. பேர் மட்டும் பெருசு.

அல்மாட்டி_ரிட்டர்ன்:
"பேர் மட்டும் பெருசு"ன்னு படிச்சதும் கை அரிக்க ஆரம்பிச்சிடுச்சு. கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுத்துக்கோங்க.

2014 இலையுதிர்காலத்துலேர்ந்து 2020 மார்ச் வரைக்கும் மருத்துவம் படிக்க அல்மாட்டியில இருந்தேன். கைராத் ஆடற மத்திய மைதானம் அபாய் சாலையில இருக்கு. 1958-ல கட்டினது, சுமார் 24,000 பேர் உட்காரலாம். மேல் வரிசையில உட்கார்ந்தா ஒரு பக்கம் அலாதாவ் மலை, பனியோட. ஆட்டம் மொக்கையா போற அன்னைக்கு மலையைப் பார்த்துட்டு இருக்கலாம். காலடியில முழுக்க சூரியகாந்தி விதைத் தோல். ஆட்டம் எவ்வளவு பதற்றமா இருந்துச்சுன்னு தெரியணும்னா அந்தத் தோல் குவியலைப் பார்த்தாலே போதும்.

நான் தங்கியிருந்த அடுக்குமாடியில கீழ்வீட்டுல ஒரு பெரியவர். அந்த ஊர் வழக்கப்படி எல்லாரும் "அத்தா"ன்னுதான் கூப்பிடுவோம், தாத்தான்னு அர்த்தம். நீங்க இப்ப கேட்ட கேள்வியை என் அரைகுறை ரஷ்ய மொழியில அவர்கிட்ட நானும் கேட்டிருக்கேன். மனுஷன் பதில் சொல்லல. ஒரு கையை முழுசா விரிச்சு, இன்னொரு கையில ரெண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார். "செத்மோய் மேஸ்தா." ஏழாம் இடம். ஏழாவதா வந்ததுக்கா இவ்வளவு பெருமைன்னு சிரிச்சுட்டேன். அதுக்கு அப்புறம் ரெண்டு நாள் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல.

பிறகுதான் எனக்கே புரிஞ்சுது. அவர் சொன்னது 1986 சோவியத் உயர்மட்ட லீக். 16 அணி. பட்டம் டைனமோ கீவுக்கு. அதே வருஷம் ஐரோப்பாவில கோப்பை வென்றவர் கோப்பையைத் தூக்கின அணி, மெக்சிகோ உலகக்கோப்பைக்குப் போன சோவியத் அணியில பாதிக்கு மேல அவங்க ஆட்கள்தான். அந்தக் கூட்டத்துல ஏழாவது. மொத்த கஜகஸ்தான்லேர்ந்து அந்த உயர்மட்ட லீக்ல எப்பவாவது ஆடின ஒரே கிளப் கைராத்தான். மத்திய ஆசியா முழுக்க எடுத்துக்கிட்டாலும் தாஷ்கண்ட்டோட பக்தகோர், கடைசியில துஷான்பேயோட பாமிர், அவ்வளவுதான். மாஸ்கோவுக்கு ஒரு வெளியூர் ஆட்டம்னா மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல.

1960-ல முதல்முறை மேல வந்தாங்க. 1988 வரைக்கும் மொத்தம் 24 சீசன். தொடர்ச்சியா இல்ல, விழுவாங்க, எழுந்து வருவாங்க. அஞ்சு தடவை கீழ போயிருக்காங்க. 1976-லயும் 1983-லயும் இரண்டாம் அடுக்கை ஜெயிச்சே திரும்பி வந்தாங்க. 1963-ல சோவியத் கோப்பை அரையிறுதி. 1971-ல ஐரோப்பிய ரயில்வே அணிகளுக்கான கோப்பை (இப்படி ஒண்ணு இருந்ததே எனக்கு அங்க போய்த்தான் தெரியும்). வேடிக்கை என்னன்னா, 1988-ல சோவியத் ஃபெடரேஷன் கோப்பையைக் கையில வச்சுக்கிட்டே லீக்ல கீழ இறங்கிட்டாங்க. அதுக்கப்புறம் சோவியத் யூனியன் கலையற வரைக்கும் மேல வரவே இல்ல.

"நாரோத்னயா கமாந்தா", மக்கள் அணின்னு ஒரு பட்டப்பேர் உண்டு. அது கோப்பையால வந்ததில்ல. சிம்கெந்த்ல இருந்தவனுக்கும் கரகண்டா சுரங்கத்துல இருந்தவனுக்கும் உயர்மட்டத்துல நம்ம ஊர்னு சொல்ல இருந்தது இந்த ஒரு மஞ்சள் கருப்புச் சட்டைதான்.

என் சொந்தக் கணக்கையும் கேளுங்க. 2015, 16, 17, 18, 19. அஞ்சு வருஷமும் கைராத் ரெண்டாம் இடம், அஞ்சு வருஷமும் அஸ்தானா முதலிடம். அதுல முதல் வருஷமும் கடைசி வருஷமும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். ரஷ்ய நட்சத்திரம் அர்ஷாவினை எல்லாம் கூட்டிட்டு வந்து பார்த்தாங்க, ஒண்ணும் நடக்கல. 2020 மார்ச்ல ஊரடங்கு வந்து நான் பெட்டியைக் கட்டிட்டுக் கிளம்பினேன். அந்த வருஷமே சாம்பியன், 16 வருஷம் கழிச்சு. அத்தா அனுப்பின செய்தியில ஒரே ஒரு வரி: "நீதான் ராசி இல்லாதவன்."

இடதுகால்:
பேச்சை வாபஸ் வாங்கிக்கறேன் அண்ணே. ஆனா ஒண்ணு, அப்படிப்பட்ட கிளப் 2009-ல இரண்டாம் அடுக்குல ஆடுச்சே, அது எப்படி?

அல்மாட்டி_ரிட்டர்ன்:
பணம்தான், வேற என்ன. ரயில்வே நிறுவனத்தோட ஆதரவு போனதும் கஜானா காலி. அதே 2009-லதான் அல்மாட்டியில இருந்த வேற ரெண்டு கிளப்பை ஒண்ணாச் சேர்த்துத் தலைநகருக்குக் கொண்டுபோய் "லோகமோட்டிவ் அஸ்தானா"ன்னு பேர் வச்சாங்க. இன்னைக்கு 7 பட்டம் வச்சிருக்கற அஸ்தானா அதுதான். அல்மாட்டிக்காரங்களுக்கு அந்த அணியைக் கண்டா ஏன் ஆகாதுன்னு இப்ப புரியுதா? கைராத் ஒரே சீசன்ல மேல வந்துடுச்சு.

ஆறடி_கோல்கீப்பர்:
கைராத்தான் சாம்பியன்ஸ் லீக் பிரதான சுற்றுக்குப் போன முதல் கஜகஸ்தான் அணின்னு வேற ஒரு இழையில யாரோ எழுதியிருந்தாங்க, அது தப்பு. 2015-ல அஸ்தானாவே போயிட்டாங்க. பென்ஃபிகா, அட்லெடிகோ, கலாடசராய் இருந்த பிரிவுல நாலு டிரா. கைராத் ரெண்டாவது.

ஆனா வந்த பாதையைப் பாருங்க. முதல் தகுதிச்சுற்றுலேர்ந்து நாலு சுற்று. ஒலிம்பியா லியுப்லியானா, அப்புறம் பின்லாந்தோட குப்ஸ். அங்க 0-2 தோத்துட்டு வீட்டுல 3-0. ஸ்லோவான் பிராட்டிஸ்லாவாவை பெனால்டியில. செல்டிக்கோட ரெண்டு ஆட்டத்துலயும் 0-0, மறுபடி பெனால்டி. கைராத் கோல்கீப்பர் அனர்பெகோவ், 21 வயசு, மூணு உதையைத் தடுத்தான். கடைசியா செல்டிக்கோட மயேடா உதைச்சதைத் தடுத்துட்டு ஓடினான் பாருங்க, நானும் கோல்கீப்பர்தான், இன்னும் அந்தக் காணொளியை வாரம் ஒரு தடவை போட்டுப் பார்க்கறேன்.

ரியல் மாட்ரிட் அல்மாட்டிக்கு வந்தப்ப அவனுக்குக் காயம். 18 வயசு கல்முர்சா கோல்ல நின்னான். 0-5, எம்பாப்பே மூணு. முதல் கோலே இந்தப் பையன் கொடுத்த பெனால்டிதான். பாவமா இருந்துச்சு, ஆனா பேரப்பிள்ளைங்க கிட்ட சொல்ல ஒரு கதை கிடைச்சுடுச்சு அவனுக்கு.

கார்னர்கொடி:
எல்லாருக்கும் நன்றி. @அல்மாட்டி_ரிட்டர்ன், அங்க இருந்தப்ப நேர்ல பார்த்ததுல மறக்கவே முடியாத ஆட்டம் எது?

அல்மாட்டி_ரிட்டர்ன்:
2015 ஆகஸ்ட், யூரோப்பா லீக் கடைசித் தகுதிச்சுற்று, பிரான்சோட போர்தோ (Bordeaux) அணி வந்திருந்தாங்க. அதுக்கு முன்னாடி ரெட் ஸ்டார், அபர்டீன் ரெண்டையும் அனுப்பியாச்சு. அங்க 0-1. இங்க 2-1 ஜெயிச்சோம். ஜெயிச்சும் வெளியே, வெளியூர் கோல் கணக்கு: மொத்தம் 2-2 சமம்னா வெளியூர்ல அதிக கோல் போட்டவங்க மேல போவாங்க. அந்த விதியையே பிறகு எடுத்துட்டாங்க. விசில் அடிச்சதும் யாரும் எழுந்திரிக்கல. பக்கத்துல அத்தா விதையைக் கொறிக்கறதை நிறுத்திட்டு, மிச்சம் இருந்த பொட்டலத்தை மடிச்சு என் சட்டைப்பையில வச்சுட்டு எழுந்து நடந்தார். வீடு வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் பேசல.

செல்டிக் ஆட்டம் முடிஞ்ச ராத்திரி அவருக்கு போன் போட்டேன். பின்னாடி ஒரே கார் ஹாரன் சத்தம், அவர் பேசினது பாதி கேக்கல. ஒண்ணு மட்டும் தெளிவா விழுந்துச்சு: "நீ அங்கயே இரு, இங்க வந்துடாதே."