கோல்ட்ஃபிஷ் செதில் சிலிர்த்துக் கிடக்கிறது, இனி என்ன செய்யலாம்?

மடிப்பாக்கம்_அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு கோல்ட்ஃபிஷ், ஒன்று ரெட் கேப் ஒரண்டா, இன்னொன்று பிளாக் மூர். ஒரண்டாவுக்கு என் மகள் வைத்த பெயர் லட்டு. கொளத்தூரில் வாங்கும்போது சுண்டுவிரல் நீளம்கூட இல்லை, இப்போது என் உள்ளங்கையை நிரப்பும். சில நாளாகச் சாப்பாட்டைக் கவ்விக் கவ்வித் துப்பியது, அப்புறம் வயிறு உப்ப ஆரம்பித்தது. மலச்சிக்கலாக இருக்கும் என்று பட்டினி போட்டுப் பார்த்தோம், பட்டாணியை வேகவைத்துத் தோலுரித்துக் கொடுத்தோம், கிட்டேயே வரவில்லை. நேற்று ராத்திரி மேலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் செதில் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தூக்கி நிற்கிறது, அன்னாசிப் பழத் தோல் மாதிரி. கண்ணும் கொஞ்சம் வெளியே தள்ளியிருக்கிறது. ஸ்பாஞ்ச் ஃபில்டருக்குப் பக்கத்து மூலையில் தரையோடு உட்கார்ந்துகொண்டு செவுளை மட்டும் வேக வேகமாக அடித்துக்கொள்கிறது.

தொட்டி இரண்டடி நீளம், 55 லிட்டர் பிடிக்கும். போர் தண்ணீர்தான், போர் வற்றினால் லாரித் தண்ணீர். வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு மாற்றுகிறோம். பிளாக் மூர் நன்றாகத்தான் நீந்துகிறது.

கடையில் கேட்டதற்கு ஒரு நீல மருந்து பாட்டிலும் ஒரு பட்டை மாத்திரையும் கொடுத்து, போட்டுப் பாருங்கள், சரியாகாவிட்டால் புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். மாமியார், "வீட்டுக்கு வர இருந்ததை அது வாங்கிக்கிட்டுப் போகுதும்மா, மனச விட்டுடாத" என்கிறார். அவர் ஆறுதலாகத்தான் சொல்கிறார், எனக்குத் தெரியும். ஆனால் இரண்டாம் வகுப்பு படிக்கிற பெண் ஸ்கூல் பையைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் போய் நிற்கிறாள். இது பிழைக்குமா, எவ்வளவு நாள் பார்க்கலாம், பிழைக்காது என்றால் அவளிடம் என்ன சொல்வது? மீனுக்குப் போய் அழுவார்களா என்று யாரும் கேட்டுவிடாதீர்கள், நான் அழுதுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அயனாவரம்_தொட்டிக்காரர் எழுதியது:

சகோதரி, முதலில் அந்த நீல மருந்தையும் மாத்திரையையும் தொட்டியில் போட வேண்டாம். நீல மருந்து பெரும்பாலும் மெத்திலீன் ப்ளூ, அது பூஞ்சைக்கும் மேல்தோல் தொந்தரவுகளுக்கும்தான். இங்கே பிரச்சினை உள்ளே இருக்கிறது. போதாததற்கு ஃபில்டரில் குடியிருந்து மீன் கழிவின் விஷத்தை முறிக்கும் நல்ல பாக்டீரியாவையும் அது கொன்றுவிடும், அப்புறம் பிளாக் மூருக்கும் ஆபத்து.

நீங்கள் சொல்கிற அறிகுறிக்கு ட்ராப்ஸி என்பார்கள். அது தனி ஒரு வியாதி இல்லை, உள்ளே சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம். நன்னீர் மீனின் உடம்பில் வெளித்தண்ணீரைவிட உப்பு அதிகம், அதனால் செவுள் வழியாகவும் தோல் வழியாகவும் தண்ணீர் ஓயாமல் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். அதைச் சிறுநீரகம்தான் இறைத்து வெளியே தள்ள வேண்டும். அது நின்றுபோனால் நீர் உடம்பிலேயே கட்டி, வயிறு உப்பி, செதிலை அடியிலிருந்து தூக்கிவிடும், கண்ணையும் பின்னாலிருந்து தள்ளும். காரணம் பல இருக்கலாம். ஏரோமோனாஸ் மாதிரி பாக்டீரியாக்கள் அடிக்கடி இதில் மாட்டும். அவை எல்லாத் தொட்டியிலும் இருப்பவைதான், மீன் பலவீனமானால் மட்டும் உள்ளே நுழையும்.

பலவீனப்படுத்துவது பெரும்பாலும் தண்ணீர். இன்றைக்கே டெஸ்ட் கிட் வாங்கி, மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா, அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட், தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் மூன்றையும் பாருங்கள். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று நம்பக் கூடாது, அமோனியாவுக்கு நிறமும் கிடையாது, அந்த அளவில் வாடையும் தெரியாது. நம் ஊரில் இன்னொரு சங்கடம், பிஎச்சும் சூடும் ஏற ஏற அமோனியாவின் விஷம் கூடும். 30 டிகிரியில் பிஎச் 7 இருந்தால் மொத்த அமோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான் விஷ வடிவில் இருக்கும், பிஎச் 8 ஆனால் ஏழெட்டு சதவீதம். அதாவது குறைந்த பிஎச்சில் ஒன்றும் செய்யாத அளவு, கூடிய பிஎச்சில் மீனைச் சுருட்டிப் போட்டுவிடும். சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவு, 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். கோல்ட்ஃபிஷ் குளிர் நீர் மீன், நம் மே மாதம் அதற்குப் பெரிய சோதனை.

லாரித் தண்ணீரில் சில சமயம் குளோரின் மூக்கில் ஏறும் அளவுக்கு இருக்கும். ஒரு நாள் முழுக்க வாளியில் ஏர் ஸ்டோன் போட்டு வைத்துவிட்டு ஊற்றுங்கள், அல்லது ஆன்ட்டி குளோரின் சொட்டு போடுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சை எப்போதும் தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள், குழாயடியில் வேண்டாம், அந்த நல்ல பாக்டீரியா போய்விடும்.

லட்டுவுக்கு: தனி டப்பாவில் தொட்டித் தண்ணீர், நல்ல காற்று, பக்கவாட்டில் துணி போட்டு மூடி அமைதியாக வையுங்கள். மருந்துக்கடையில் எப்சம் சால்ட் (மெக்னீசியம் சல்பேட்) கிடைக்கும், 20 லிட்டருக்கு அரைக்கால் டீஸ்பூன், அதாவது ஒரு டீஸ்பூனில் எட்டில் ஒரு பங்கு, தனியாகக் கரைத்து மெதுவாக ஊற்றலாம். அது கட்டிய நீரைக் கொஞ்சம் இழுக்கும். இது சமையல் கல்லுப்பு இல்லை, மாற்றிப் போட்டுவிடாதீர்கள், அது வேற சமாச்சாரம். டப்பாத் தண்ணீரில் பாதியைத் தினமும் மாற்றுங்கள், மாற்றுகிற தண்ணீருக்கு மட்டும் மறுபடி சால்ட். ஆன்டிபயாட்டிக் வேண்டுமா என்பதை மீன் பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், கண்ட மாத்திரையைக் கரைப்பதில் பயனில்லை.

மறைக்காமல் சொல்கிறேன், வயிறு மட்டும் உப்பிய நிலையில் வந்திருந்தால் நம்பிக்கை கொஞ்சம் அதிகம். செதில் முழுக்கத் தூக்கிவிட்ட பிறகு பிழைப்பது மிகவும் அபூர்வம்.

தூத்துக்குடி_மீன்வளம் எழுதியது:

அயனாவரம் அண்ணன் சொன்னது எல்லாம் சரி. நான் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்தவன், எவ்வளவு நாள் பார்க்கலாம் என்ற உங்கள் கேள்விக்கு மட்டும் வருகிறேன், அதற்கு யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை.

எப்சம் சால்ட் போட்டு இரண்டு மூன்று நாளில் வயிறு கொஞ்சமாவது வற்றுகிறதா, செதில் படிகிறதா, நிமிர்ந்து மிதக்கிறதா, சாப்பாட்டைப் பார்த்துத் திரும்புகிறதா என்று கவனியுங்கள். ஏதாவது ஒன்று தேறினாலும் தொடருங்கள். எதுவும் இல்லாமல், பக்கவாட்டில் சாய்ந்து, கை கிட்டே போனாலும் விலகாமல் கிடந்தால் அதற்கு மேல் இழுப்பது மீனுக்காக இல்லை, நமக்காக. மீனுக்கு வலி தெரியாது என்று பலர் சொல்வார்கள். எடின்பரோவின் ரோஸ்லின் நிறுவனத்தில் லின் ஸ்னெட்டன் குழுவினர் 2003-இல் ட்ரவுட் மீனின் தலையில் வலியை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். உதட்டில் எரிச்சல் மருந்து போட்ட மீன்கள் சாப்பிடாமல் கிடந்தன, உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்துக்கொண்டன. ஆகவே அதற்கு வலிக்கும் என்றே வைத்துக்கொள்வோம்.

அந்த நிலை வந்தால் கிராம்பு எண்ணெய்தான் வீட்டில் செய்யக்கூடிய மரியாதையான வழி. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதலிலும் இது இருக்கிறது. நாட்டு மருந்துக்கடையில் கேளுங்கள், வேறு எண்ணெய் கலக்காத சுத்தமான எண்ணெயாக இருக்க வேண்டும். ஒரு பாத்திரத்தில் அளந்து தொட்டித் தண்ணீர் எடுத்து மீனை விடுங்கள். ஒரு சின்ன பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீரோடு எண்ணெயைப் போட்டு வெள்ளையாகும் வரை குலுக்குங்கள், இல்லாவிட்டால் மேலேயே மிதக்கும். முதலில் லிட்டருக்கு மூன்று நான்கு சொட்டு கணக்கில் மெதுவாகச் சேருங்கள், சில நிமிடத்தில் மயங்கிச் சாயும். மயங்கிய பிறகு, லிட்டருக்கு மொத்தம் அரை மில்லிக்குக் குறையாதபடி மீதியை ஊற்றுங்கள். செவுள் அசைவு நின்றதும் எடுத்துவிடாதீர்கள், இன்னும் அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். கோல்ட்ஃபிஷ் கெட்டியான உயிர், சீக்கிரம் எடுத்தால் திரும்ப மூச்சு விடக்கூடும்.

ஃப்ரீசரில் வைப்பது, டாய்லெட்டில் விடுவது, வெளியே எடுத்துப் போட்டு விடுவது, இவை எதுவும் வேண்டாம். குளிரைத் தாங்கும் மீன் இது, ஃப்ரீசரில் நெடுநேரம் தவிக்கும். பாவம் பார்த்து ஏரியில் விடுவதும் தப்பு, நோயோடு போய் அங்கிருக்கிற மீன்களுக்கும் கொடுக்கும்.

கோவை_ராதா எழுதியது:

மருந்து விஷயம் எனக்குத் தெரியாது, குழந்தை விஷயம் சொல்கிறேன்.

தயவுசெய்து தூங்குகிறது என்றோ வேறு வீட்டுக்குப் போயிருக்கிறது என்றோ சொல்லாதீர்கள். தூங்கப் போனது ஏன் எழவில்லை என்று ராத்திரி படுக்கையில் அதுவே பயமாக மாறும், அந்த வயதுக்கு அது பெரிய பயம். அவள் ஸ்கூலுக்குப் போயிருக்கும்போது அதே நிறத்தில் ஒன்றை வாங்கிப் போட்டுவிடலாம் என்று வீட்டில் யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். தினமும் முகத்துக்கு முகம் பார்த்த மீனைக் குழந்தைக்கு அடையாளம் தெரியாதா? என் அக்கா மகன் வால் நுனியில் இருந்த ஒரு வெள்ளைக் கோட்டை வைத்தே கண்டுபிடித்துவிட்டான். மீன் போனதைவிட, எல்லோரும் சேர்ந்து மறைத்துவிட்டார்கள் என்பதில்தான் அவன் அதிகம் நொறுங்கினான்.

இப்போதே, உயிரோடு இருக்கும்போதே சொல்லுங்கள். லட்டுவுக்கு உடம்புக்குள்ளே தண்ணீரை வெளியே தள்ளுகிற பாகம் கெட்டுவிட்டது, மருந்து போட்டிருக்கிறோம், சரியாகாமலும் போகலாம் என்று. அவளால் ஆனது இல்லை என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள், அவள் கேட்காவிட்டாலும். சின்னப் பிள்ளைகள் நான் அன்றைக்குக் கூடுதலாகச் சாப்பாடு போட்டேனே, அதனாலா என்று மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு புழுங்கும்.

உங்கள் மாமியார் சொன்ன வார்த்தை எங்கள் வீட்டிலும் சொல்வதுதான். பெரியவர்களுக்கு அதில் ஒரு நிம்மதி. குழந்தை காதில் மட்டும் அப்படியே விழ வேண்டாம், நமக்காக லட்டு செத்தது என்று எடுத்துக்கொள்ளும். பாட்டியிடமே பக்குவமாகச் சொன்னால் புரிந்துகொள்வார். உங்கள் அழுகைக்கு யாரிடமும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. காலையில் எழுந்ததும் முதலில் லைட் போட்டுப் பார்க்கிற உயிர் அது.

மடிப்பாக்கம்_அம்மா எழுதியது:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. டெஸ்ட் பண்ணினோம், அமோனியா 0.5, நைட்ரைட் பூஜ்யம், பிஎச் 8 கிட்டே. எப்சம் சால்டில் வைத்திருந்தோம், ஒரு மாற்றமும் இல்லை, கடைசியில் சாய்ந்தே கிடந்தது. தூத்துக்குடி தம்பி எழுதியபடியே என் கணவர் செய்தார், நான் பக்கத்தில் இருந்தேன். துடிக்கவே இல்லை. மகளிடம் முன்னாடியே சொல்லியிருந்தோம். வந்து பார்த்தாள், தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள், தொட்டாள், ரொம்ப அழுதாள், அப்புறம் கறிவேப்பிலைத் தொட்டியில் ஆழமாகப் புதைத்தோம். மாமியார்தான் முதலில் மண் போட்டார்.

கணவர் ஒன்று கேட்கச் சொன்னார், கோல்ட்ஃபிஷ் எப்படியும் இரண்டு மூன்று வருடம்தானே என்று கடையில் சொல்கிறார்களே, உண்மையா? பிளாக் மூர் இப்போது ஒரே இடத்தில் நிற்கிறது, அதற்குத் துணை உடனே வாங்க வேண்டுமா?

அயனாவரம்_தொட்டிக்காரர் எழுதியது:

மனம் கனத்துவிட்டது, சகோதரி. நல்லபடியாக அனுப்பி வைத்திருக்கிறீர்கள்.

இரண்டு மூன்று வருடம் என்பது சின்ன தொட்டியில் வளர்ப்பதால் வந்த கணக்கு. நன்றாக வைத்தால் பத்துப் பதினைந்து வருடம் சாதாரணம். இங்கிலாந்தில் டிஷ் என்ற கோல்ட்ஃபிஷ், 1956-இல் ஒரு திருவிழாவில் பரிசாகக் கிடைத்தது, 1999-இல் 43 வயதில் போனது. அது நீள உடம்பு ரகம், ஒரண்டா, மூர் மாதிரி உருண்டை ரகங்களுக்கு ஆயுள் அதைவிடக் குறைவுதான், ஆனாலும் இரண்டு வருடம் இல்லை.

துணை உடனே வேண்டாம். அமோனியா 0.5 என்பது உங்கள் பிஎச்சுக்கு அதிகம், இப்போது மூர்தான் அதில் நிற்கிறது. இன்றும் நாளையும் பாதித் தண்ணீர் மாற்றுங்கள், சூட்டைத் தொட்டியோடு ஒத்துப் பார்த்து ஊற்றுங்கள், சாப்பாட்டைப் பாதியாக்குங்கள், இன்னொரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் சேருங்கள். அமோனியா பூஜ்யத்துக்கு வந்து அங்கேயே நிற்கிறதா என்று சில வாரம் பாருங்கள். 55 லிட்டர் ஒரு மீனுக்கே நெருக்கடி, துணை சேர்ப்பதானால் மூன்றடித் தொட்டிக்கு மாறிவிட்டுச் சேருங்கள். புது மீன் எந்தக் கடையில் வாங்கினாலும் நான்கு வாரம் தனி டப்பாவில் வைத்துப் பாருங்கள், வெள்ளைப் புள்ளி, செவுள் புழு, நங்கூரப் புழு எல்லாம் கடைத் தொட்டியிலிருந்துதான் வீட்டுக்கு வரும்.

மூர் இன்று சாப்பிட்டதா? மேலிருந்து ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள், செதிலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.