நெட் இல்லாம எக்செல், பவர்பாயிண்ட் வச்சு எப்படி பாடம் நடத்தறீங்க?

கோத்தகிரி டீச்சர்:
வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில ஏழாவதுக்கு கணக்கும் சமூக அறிவியலும் எடுக்கறேன். ஒரே லேப்டாப், ஒரு ப்ரொஜெக்டர், மழை புடிச்சா நெட் போயிடும். பவர்பாயிண்ட்ல பாடத்தை டைப் பண்ணி காட்டினா புள்ளைங்க அப்படியே நோட்டுல எழுதிட்டு உக்காந்திருக்காங்க, யோசிக்கவே மாட்டேங்கறாங்க, அதான் கஷ்டமா இருக்கு. நீங்கல்லாம் எப்படி பண்றீங்க?

கூடலூர் சார்:
டீச்சர், எக்செல்ல புள்ளைங்க கையிலயே குடுத்துடுங்க. நாங்க மேலயும் கீழயும் ஒரே அகலமா இருக்கற கண்ணாடி ஜாடியை மைதானத்துல வச்சு தினமும் காலையில ஸ்கேல்ல அளந்து எத்தனை மில்லிமீட்டர் மழைன்னு ஒரு புள்ள வந்து டைப் பண்ணும், மாசக் கடைசியில ஆவரேஜ் ஃபார்முலா, அப்புறம் சார்ட். ஒரு பொண்ணு மழை இல்லாத நாளுக்கெல்லாம் கட்டத்தை காலியா விட்டுட்டா, சராசரி எகிறிடுச்சு! காலி கட்டத்தை எக்செல் எண்ணாது, 0 போட்டாத்தான் எண்ணும். ஏன்னு அவங்களே பேசி கண்டுபிடிச்சாங்க. எங்க பக்கம் ஜூன், ஜூலைல கொட்டும், உங்களுக்கு அக்டோபர், நவம்பர்லதான் ஜாஸ்தி, ரெண்டு ஷீட்டையும் ஒண்ணா வச்சா பருவமழைப் பாடத்தை கண்ணால பாத்துடலாம்.

குன்னூர் அக்கா:
ஸ்லைடு ஷோ ஓடும்போது கீபோர்டுல B எழுத்தை அழுத்துங்க, ஸ்க்ரீன் கறுப்பாயிடும். கேள்வியை மட்டும் காட்டிட்டு இருட்டாக்கி பக்கத்துல உள்ளவங்களோட பேச விடுங்க, மறுபடி B அழுத்தினா வந்துடும்.

கோத்தகிரி டீச்சர்:
காலி கட்டம் விஷயம் எனக்கே தெரியாது சார், ரொம்ப நன்றி. திங்கக்கிழமையே ஜாடி வைக்கறோம், மாசக் கடைசியில ஷீட் அனுப்பறேன்.