கொலெகோவிஷன், எம்எஸ்எக்ஸ், எஸ்ஜி-1000: ஆட்டத்தை இடம் மாற்றும்போது எங்கே இடிக்கிறது

காரைக்குடி

மூன்றும் பழைய 8-பிட் ஆட்டப் பெட்டிகள். கொலெகோவிஷன் வந்தது 1982-ல், எம்எஸ்எக்ஸும் சேகா எஸ்ஜி-1000-உம் 1983-ல். மூன்றிலும் 3.58 மெகாஹெர்ட்ஸ் இசட்80 செயலி, டிஎம்எஸ் 9918 குடும்பத்து வீடியோ சிப், 16 கேபி வீடியோ ராம். நம்ம பக்கத்து வளவு வீட்டுப் பங்காளிகள் மாதிரி: முகப்பு ஒன்று, அடுப்பு தனித்தனி. ஒன்றின் ஆட்டத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோக, "போர்ட் எண்ணை (செயலி மற்ற சிப்களோடு பேசும் வாசலின் எண்) மாற்றினால் போதாதா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். போர்ட் எண் ஒரு மாலை வேலை. அடுப்படியில்தான் நாள்கள் போகும். தலைப்பில் ஊர்ப் பெயர் போட்டு, அவரவர் சந்தித்த கோளாறையும் அதன் காரணத்தையும் இங்கே எழுதுங்கள். போர்ட் எண்களையும் பைட் மதிப்புகளையும் டெசிமலிலும் மெமரி முகவரிகளை ஹெக்ஸிலும் போடுவோம்.

முதலில் படம். எம்எஸ்எக்ஸில் வீடியோ டேட்டா போர்ட் 152, கட்டளை போர்ட் 153. கொலெகோவிஷனிலும் எஸ்ஜி-1000-லும் 190, 191. இதை மாற்றியதும் ஓடுகள், நிறம், ஸ்ப்ரைட் (திரையில் நகரும் உருவம்) எல்லாம் அப்படியே வரும். ஆத்தங்குடிக் கல் பதிக்கிற கணக்குதான்: அச்சு ஒரு டேபிளில், எந்தக் கட்டத்தில் எந்தக் கல் என்பது 32×24 = 768 பைட் கொண்ட இன்னொரு டேபிளில். ஒரு வரியில் நான்கு ஸ்ப்ரைட்டுக்கு மேல் தெரியாது என்ற கட்டுப்பாடும் மூன்றுக்கும் பொது.

இடிக்கிற முதல் இடம் இன்டரப்ட், அதாவது ஒரு பிரேம் வரைந்து முடிந்ததும் வீடியோ சிப் செயலியை இடைமறிக்கும் சைகை. எம்எஸ்எக்ஸில் வீடியோ சிப்பின் இன்டரப்ட் சாதாரண ஐஎன்டி காலில் வருகிறது, டிஐ (இன்டரப்ட்டைத் தடுக்கும் கட்டளை) போட்டால் நிற்கும். கொலெகோவிஷனில் அதே கம்பி என்எம்ஐ-க்கு (தடுக்க முடியாத இன்டரப்ட்) போகிறது, டிஐ அதைத் தடுக்காது. வீடியோ ராம் முகவரியைக் கட்டளை போர்ட்டுக்கு இரண்டு பைட்டாக அனுப்புகிறோம் அல்லவா? முதல் பைட் போனபின், இரண்டாவது போவதற்குள் என்எம்ஐ வந்து, அதைக் கவனிக்கும் ரொட்டீன் வீடியோ சிப்பின் ஸ்டேட்டஸைப் படித்துவிட்டால் சிப் தன் எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்குகிறது. நம் இரண்டாவது பைட்டை முதல் பைட் என்று எடுத்துக்கொள்ளும். திரையில் எங்கோ ஓர் ஓரத்தில், எப்போதோ ஒரு தடவை, ஒரு ஓடு மாறிக் கிடக்கும். மூன்று நிமிடம் நன்றாக ஓடிவிட்டுக் கெடுவதால் இதைப் பிடிப்பது கடினம்.

மருந்து எளிது. என்எம்ஐ ரொட்டீன் வீடியோ சிப்பைத் தொடவே கூடாது. ஏஎஃப் ரிஜிஸ்டரை ஸ்டாக்கில் போட்டு, ராமில் ஒரு கொடியை 1 ஆக்கி, ஏஎஃப்-ஐ எடுத்துக்கொண்டு ரெட்என் (என்எம்ஐ-யிலிருந்து திரும்பும் கட்டளை) போட்டுத் திரும்பட்டும். ஸ்டேட்டஸ் படிக்காதவரை இன்டரப்ட் கம்பி கீழேயே கிடக்கும். என்எம்ஐ விளிம்பைப் பார்த்து எழுவது, ஆகவே அடுத்தது வராது. மெயின் லூப் கொடியைப் பார்த்து வீடியோ வேலை முழுவதையும் முடித்து, கொடியை 0 ஆக்கி, கடைசியாக 191-இல் ஸ்டேட்டஸைப் படித்தால் அடுத்த பிரேமுக்குக் கதவு திறக்கும். வரிசை முக்கியம்: முதலில் படித்துவிட்டுப் பிறகு கொடியை அழித்தால் இடையில் வந்த என்எம்ஐ-யின் கொடி தொலைந்து ஆட்டமே நின்றுவிடும்.

கொலெகோவிஷன் கார்ட்ரிட்ஜின் தலைப்பு 8000-ல்: 85, 170 என்று தொடங்கினால் லோகோ திரை இல்லாமல் நேரே ஓடும். பத்து பைட் தள்ளி ஆட்டம் தொடங்கும் முகவரி. என்எம்ஐ 8021-க்கு வரும், அங்கே ஒரு ஜேபி (தாவும் கட்டளை) வையுங்கள்.

பள்ளத்தூர்

அண்ணே சொன்னதற்கு அடுத்தது வேகம். படம் வரைந்துகொண்டிருக்கும் நேரத்தில் வீடியோ சிப் ஒரு பைட்டை வாங்க 8 மைக்ரோ செகண்ட் வரை எடுக்கலாம். அது சுமார் 29 டி-ஸ்டேட் (செயலியின் கடிகாரத் துடிப்பு). எம்எஸ்எக்ஸில் ஒவ்வொரு எம்1 சுழற்சிக்கும் (கட்டளையை எடுத்துவரும் சுழற்சி) ஒரு காத்திருப்பு கூடுவதால் ஓடிஐஆர் (பல பைட்டைத் தொடர்ந்து போர்ட்டுக்கு அனுப்பும் கட்டளை) ஒரு பைட்டுக்கு 23 ஆகிறது. போதாது, பைட்கள் விழுந்துபோகும். ஒரு பைட்டை மட்டும் அனுப்பும் அவுட்ஐ 18, திரும்பச் சுற்றவைக்கும் ஜேபி என்இசட் 11, கூட்டினால் மிகச் சரியாக 29. அதனால்தான் எம்எஸ்எக்ஸ்காரர்கள் இந்த ஜோடியை விடுவதே இல்லை. சில எமுலேட்டர்கள் (பழைய பெட்டியைக் கணினியில் நடிக்கும் நிரல்கள்) இதைக் கண்டுகொள்ளாது, அங்கே சுத்தமாக ஓடியது நிஜப் பெட்டியில் பல் இளிக்கும்.

வெர்டிகல் பிளாங்கில் (ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளி) அவசரப்படலாம். 60 ஹெர்ட்ஸ் பெட்டியில் 70 வரி × வரிக்கு 228 = 15,960 டி-ஸ்டேட் கிடைக்கும். எந்தக் கட்டத்தில் எந்தக் கல் என்ற 768 பைட் நேம் டேபிளை ஓடிஐஆரில் தள்ளினால் 17,664, அடங்காது. அவுட்ஐ-யை வரிசையாக எழுதிப் போட்டால் 13,824, அடங்கும். 50 ஹெர்ட்ஸ் பால் (PAL டிவி முறை) பெட்டியில் பிளாங்க் 121 வரி என்பதால் ஓடிஐஆரே போதும். அங்கே மட்டும் சோதித்துவிட்டு 60 ஹெர்ட்ஸ் பெட்டியில் போட்டால் கடைசி வரிசைகள் கலையும்.

ஸ்பெக்ட்ரம் (இன்னொரு இசட்80 வீட்டுக் கணினி) ஆட்டத்தை எம்எஸ்எக்ஸுக்குக் கொண்டுவருகிறவர்களுக்கும் இதே கணக்கு. அங்கே திரை இசட்80-இன் மெமரியிலேயே இருக்கிறது. இங்கே 6,144 பைட்டையும் போர்ட் வழியே தள்ள 6,144 × 29 = 1,78,176 டி-ஸ்டேட், ஒரு பிரேமுக்கு இருப்பதோ சுமார் 59,700. மூன்று பிரேமுக்கு ஒரு படம்தான் வரும். மாறிய பகுதியை மட்டும் அனுப்புங்கள்.

தேவகோட்டை

ஒலிக்கு வருகிறேன். ஒலிச் சிப் எம்எஸ்எக்ஸில் ஏஒய்-3-8910, மற்ற இரண்டிலும் எஸ்என் 76489. சுருதி எண் அப்படியே பொருந்தும். ஏஒய்-க்கு 1.79 மெகாஹெர்ட்ஸை 16-ஆலும் எஸ்என்-க்கு 3.58-ஐ 32-ஆலும் வகுப்பதால் விடை ஒன்றே. ஆனால் ஏஒய்-யில் 12 பிட், எஸ்என்-இல் 10 பிட். 1023-க்கு மேற்பட்ட எண், அதாவது 109 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஸ்வரம், எஸ்என்-இல் கிடையாது. அதைப் பாதியாக்கி ஒரு ஸ்தாயி மேலே ஏற்றுங்கள். 2046-ஐத் தாண்டினால் இன்னொரு தடவை. எழுதும்போது கீழ் 4 பிட் முதல் பைட்டில், மேல் 6 பிட் இரண்டாவதில். ஏஒய் பழக்கத்தில் 8, 4 என்று பிரித்தால் பாட்டே வேறாகிவிடும்.

ஒலி அளவு தலைகீழ்: ஏஒய்-யில் 15 உச்சம், எஸ்என்-இல் 15 மௌனம். வெறுமனே 15-இலிருந்து கழித்தால் மெல்லிய இடங்கள் உரக்கக் கேட்கும், ஏனென்றால் ஏஒய் படி ஏறத்தாழ 3 டெசிபெல், எஸ்என் படி 2. ஏஒய் 0 முதல் 15 வரைக்கு இந்த அட்டவணை சரியாக வரும்: 15, 14, 14, 14, 14, 14, 14, 12, 11, 9, 8, 6, 5, 3, 2, 0. தொடக்கத்தில் எஸ்என்-க்கு 159, 191, 223, 255 அனுப்புங்கள், இல்லையென்றால் பெட்டி போட்டதும் கத்தலாம். எதிர்த் திசையில் போகிறவர்கள் கவனிக்க: எம்எஸ்எக்ஸில் ஏஒய்-யின் 7-ஆம் ரிஜிஸ்டரில் எழுதும்போதெல்லாம் பிட் 7 ஒன்றாகவும் பிட் 6 சுழியாகவும் இருக்க வேண்டும். மாற்றினால் ஜாய்ஸ்டிக் போர்ட்டின் திசை மாறி, சிப்புக்கே ஆபத்து.

கோட்டையூர்

வலது பக்கம் தள்ளினால் ஆள் கீழே இறங்குகிறானா? எம்எஸ்எக்ஸில் பிட் வரிசை மேல், கீழ், இடம், வலம். கொலெகோவிஷனில் மேல், வலம், கீழ், இடம். 16 பைட் அட்டவணை ஒன்று போதும். எஸ்ஜி-1000-ல் போர்ட் 220, வரிசை எம்எஸ்எக்ஸ் மாதிரியே. ஆனால் அங்கே பாஸ் பட்டன் என்எம்ஐ: 0066-இல் ரெட்என் வைக்க மறந்தால் பாஸ் அழுத்தியதும் ஆட்டம் செத்துவிடும்.

காரைக்குடி

தம்பிகளே, ராமை யாரும் தொடவில்லையே. கொலெகோவிஷனில் 7000-இலிருந்து வெறும் 1 கேபி, அதிலும் மேல் பகுதியை பயாஸ் (பெட்டிக்குள்ளேயே இருக்கும் நிரல்) பிடித்துக்கொள்ளும். 8 கேபியில் எழுதிய எம்எஸ்எக்ஸ் ஆட்டம் அடங்காது. கிராபிக்ஸ் 2 மோடில் வழக்கமான அமைப்பில் வீடியோ ராமில் 1B80 முதல் 1FFF வரை 1,152 பைட் சும்மா கிடக்கிறது. கட்டத்தின் நிலை, திறந்த கதவுகள், எடுத்த காசுகள் எல்லாம் அங்கே போகலாம். அடிக்கடி படிக்காதவை மட்டும், ஏனென்றால் அதற்கும் போர்ட் வழிதான்.

கானாடுகாத்தான்

ஈப்ராமில் (நிரலை எழுதிவைக்கும் மெமரி சிப்) எழுதிக் கார்ட்ரிட்ஜ் செய்கிறவர்களுக்கு ஒன்று. எம்எஸ்எக்ஸ் கார்ட்ரிட்ஜ் 4000-இலிருந்து 32 கேபி. 32 கேபி ஈப்ராமான 27சி256-இன் ஏ14 முகவரிக் காலை அப்படியே பெட்டியின் ஏ14-க்கு இணைத்தால் 4000-இல் சிப்பின் மேல்பாதி தெரியும், 8000-இல் கீழ்ப்பாதி. பெட்டி கார்ட்ரிட்ஜையே காணாது. சிப்பின் ஏ14 காலைப் பெட்டியின் ஏ15-க்குக் கொடுங்கள், இல்லையென்றால் எழுதும்போது இரு பாதியையும் இடம் மாற்றுங்கள். பயாஸ் தானாக 4000 பக்கத்தை மட்டுமே திறக்கும், 8000 பக்கத்தை பயாஸின் இஎன்ஏஎஸ்எல்டி ரொட்டீனால் (0024) நாமே திறக்க வேண்டும். கொலெகோவிஷனில் 8 கேபிக்கு ஒன்றாக நான்கு தேர்வுக் கம்பிகள், எல்லாமே தாழ்நிலையில் வேலை செய்பவை. 74எல்எஸ்21-இல் (ஏண்ட் கேட் சிப்) ஒரு கேட்டில் சேர்த்துச் சிப்பைத் தேர்ந்தெடுக்கும் சிஇ காலுக்குக் கொடுத்தால் ஒரே 27சி256 போதும்.

பெட்டி எங்கிருந்து வந்தது என்று அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வந்தது என்றால் பெரும்பாலும் நம்ம வோல்ட். ஜப்பான் எம்எஸ்எக்ஸ் 100 வோல்ட், ஸ்டெப்-டவுன் இல்லாமல் சுவரில் செருகவே கூடாது. அமெரிக்கக் கொலெகோவிஷனின் சப்ளை 120 வோல்ட்டுக்கானது, கொடுப்பது +5, +12, -5 மூன்றும். வெறும் 5 வோல்ட் அடாப்டரில் ஓட்டப் பார்க்காதீர்கள், -5 இல்லாமல் +12 மட்டும் போனால் 4116 ராம் சிப்கள் கெடலாம்.