குழம்பை நிறுத்தச் சொன்னது யார்?

செங்காங் செல்வி:
நம் மன்றத்தின் இன நல்லிணக்க நாள் வாழ்த்து இழையில் தேக்கா வாசி அண்ணன் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தார்: "சிங்கப்பூரில் இனப்பாகுபாடு என்பது தொட்டாற்சிணுங்கிகளின் கற்பனை. அந்தக் குழம்பு விவகாரத்தில்கூட இந்தியக் குடும்பம் தானாகத்தான் விட்டுக்கொடுத்தது." அங்கேயே பதில் சொன்னால் வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் ஓடிவிடுவார்கள். அதனால் தனி இழை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2011 ஆகஸ்டில் நாளிதழில் வந்த செய்தி இது. சீனாவிலிருந்து குடியேறிய ஒரு குடும்பம், பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பத்தின் குழம்பு வாடை தாங்கவில்லை என்று சமூகச் சமரச நிலையத்துக்குப் போனது. கடைசியில், அவர்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டுமே இந்தியக் குடும்பம் குழம்பு வைப்பது என்று முடிவானது. பதிலுக்கு அவர்கள் என்ன செய்ய வேண்டும்? குழம்பை ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

தன் வீட்டு அடுப்பைப் பக்கத்து வீட்டுக்காரரின் வேலை நேரம் பார்த்துப் பற்றவைப்பது "தானாக" நடக்கிற காரியமா?

தேக்கா வாசி:
தங்கச்சி, இழை திறப்பதற்கு முன் கொஞ்சம் படித்திருக்கலாம். சட்ட அமைச்சு அப்போதே விளக்கம் கொடுத்துவிட்டது. சம்பவம் 2011இல் நடக்கவே இல்லை, அதற்கு ஆறேழு வருடம் முன்னால் நடந்து முடிந்தது. சமரசம் செய்பவர் நீதிபதி இல்லை, தீர்ப்புச் சொல்ல மாட்டார். இரண்டு வீட்டாரும் பேசி அவர்களாகவே ஒத்துக்கொண்டார்கள். யாரும் உத்தரவு போடவில்லை.

இன்னொன்று. புகார் கொடுத்தவர்கள் நம்மூர்ச் சீனர்கள் இல்லை, புதிதாக வந்தவர்கள். நம்மூர்ச் சீனர்கள் என்ன செய்தார்கள்? ஆகஸ்ட் 21ஆம் தேதி எல்லாரும் குழம்பு வைப்போம் என்று ஃபேஸ்புக்கில் அழைப்பு வந்தபோது ஐம்பதாயிரம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். அதில் எத்தனை சீனர்கள், மலாய்க்காரர்கள் என்று போய்ப் பாருங்கள். இனவாதம் எங்கே இருந்தது? சட்டியிலா?

மதுரை எஸ்பாஸ்:
ஐயா, நான் வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது, பழைய கதை தெரியாது. போன மாதக் கதை சொல்கிறேன். உட்லண்ட்ஸில் ஒரு அறை வாடகைக்கு என்று பார்த்து ஏஜென்டுக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். "இன்று மாலையே வந்து பாருங்கள்" என்றார். அப்புறம் பெயர் கேட்டார். சொன்னேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. ரொம்ப நேரம் கழித்து, "இந்தியரா?" ஆமாம் என்றேன். "வீட்டுக்காரர் லேசான சமையல் மட்டும்தான் அனுமதிப்பார்." நான் சமைப்பதே இல்லை, மூன்று வேளையும் காப்பிக்கடை என்றேன். "சாரி, வீட்டுக்காரர் மனம் மாறிவிட்டார்." மறுநாள் அதே அறை, அதே படம், வாடகை மட்டும் ஐம்பது வெள்ளி குறைத்து விளம்பரத்தில் கிடக்கிறது. படத்தில் அடுப்பே இல்லை, ஒரு மின்சாரக் கெட்டில்தான் இருந்தது.

"இந்தியர் வேண்டாம், பிஆர்சி (சீனாவிலிருந்து வந்தவர்) வேண்டாம்" என்று முன்பெல்லாம் விளம்பரத்திலேயே போடுவார்களாம். இப்போது சொத்து முகவர்கள் அப்படி எழுதக்கூடாது. எழுதுவதில்லை, கேட்கிறார்கள்.

தேக்கா வாசி:
வருத்தம்தான் தம்பி. ஆனால் இழையின் கேள்வி வாடகை இல்லை. குழம்பை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்ததா, அவர்களே ஒத்துக்கொண்டார்களா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் ஆளாளுக்குச் சொந்தக் கதையைக் கொண்டுவருகிறீர்கள்.

வாடகை என்று கேட்டதால் சொல்கிறேன். வீடு அவருடையது, யாருக்கு விடுவது என்பதும் அவர் இஷ்டம். சென்னையில் "சைவம் மட்டும்" என்று பலகை மாட்டுகிறார்களே, அங்கே போய்க் கேட்டீர்களா?

மதுரை எஸ்பாஸ்:
அங்கே கேட்டதால்தான் ஐயா பெரம்பூரிலிருந்து வில்லிவாக்கம் வரை வீடு தேடி அலைந்தேன். அது சாதிப் புத்தி என்று அங்கேயும் சொன்னேன். அங்கே தப்பு என்பதால் இங்கே சரியாகிவிடுமா?

அங் மோ கியோ பாலன்:
வந்துவிட்டாரா நம்ம ஆள். தீபாவளி ஒளியூட்டு இழையிலும் இப்படித்தான். வளைவில் இருந்தது மயிலா அன்னமா என்று பக்கம் பக்கமாகச் சண்டை போட்டார், விளக்கை யாரும் பார்க்கவே இல்லை.

தேக்கா அண்ணே, நானும் இங்கே பிறந்தவன்தான். தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பயிற்சியில், எங்கள் அறையில் நான் ஒருவன்தான் இந்தியன். விளக்கணைத்ததும் ஒரு குரல் வரும்: "டேய், சிரி, அப்போதுதான் நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியும்." எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், சிரிக்காவிட்டால் "இவனுக்கு ஜோக் புரியாது" என்று அடுத்த ஜோக் வரும். தொடக்கப்பள்ளியில் "அப்புநேநே" என்று இந்தியரைக் கிண்டல் செய்யும் பெயரில் கூப்பிட்டவர்களும் கெட்டவர்கள் இல்லை, என்னோடு பந்து விளையாடியவர்கள்தான். யாரும் உத்தரவு போட்டு என்னைச் சிரிக்க வைக்கவில்லை. நானாகத்தான் ஒத்துக்கொண்டேன். இப்போது புரிகிறதா?

தேக்கா வாசி:
மயில்தான் அது. படம் என்னிடம் இருக்கிறது.

முகாமில் எல்லாரையும்தான் கிண்டல் செய்வார்கள். குண்டாக இருந்த சீனப் பையனை விட்டார்களா? நாங்கள் கம்பத்தில், அந்தக் காலத்துக் கிராமத்தில், வளர்ந்தவர்கள். என் அம்மா பிரசவத்துக்குப் போனபோது எங்களுக்குச் சோறு போட்டது பக்கத்து வீட்டுச் சீன ஆயா. உங்கள் தலைமுறைக்கு ஒரு வார்த்தை பட்டால் போதும், காயம் என்கிறீர்கள். 1964இல் இதே ஜூலை 21ஆம் தேதி இங்கே கலவரம் வெடித்தது தெரியுமா? அதிலிருந்து எழுந்து வந்த ஊர் இது. 2023 அதிபர் தேர்தலில் தர்மனுக்கு 70 விழுக்காட்டுக்கு மேல் ஓட்டு விழுந்ததே, யார் போட்டது? நாம் ஒன்பது விழுக்காடு. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மறுபடியும் கேட்கிறேன். உத்தரவு என்று யாராவது ஒரு காகிதம் காட்ட முடியுமா?

செங்காங் செல்வி:
காகிதம் வேண்டும் என்றால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) காகிதம் காட்டுகிறேன் அண்ணே. 1989இலிருந்து இன ஒருங்கிணைப்புக் கொள்கை இருக்கிறது. ஒரு புளோக்கில் சீனர் 87, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவரும் 15 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. சேரி உண்டாகக்கூடாது என்ற நோக்கம் நல்லதுதான். ஆனால் எங்கள் புளோக்கில் சீனர் அளவு நிரம்பிவிட்டது. அப்பா வீட்டை விற்கப் போனபோது சீனருக்கு விற்க முடியாது. கீழ்மாடிச் சீனர் தன் வீட்டைச் சீனருக்கு விற்கலாம், அவருக்கு வாங்க ஆள் வரிசையில் நிற்கிறது. எங்களுக்கு இந்தியரோ மலாய்க்காரரோ வந்தால்தான் உண்டு. வந்தவர்களுக்கும் அது தெரியும், அடிமாட்டு விலை கேட்டார்கள். சும்மா புலம்பலாக இருந்தால், 2022இல் இப்படி மாட்டிக்கொண்டவர்களின் வீட்டைக் கழகமே திரும்ப வாங்கும் என்று ஏன் அறிவித்தார்கள்?

2021இல், பின்னால் பிரதமரான லாரன்ஸ் வோங்கே மேடையில் சொன்னார், பெரும்பான்மையாக இருப்பதைவிடச் சிறுபான்மையாக இருப்பது கஷ்டம் என்று. அவரும் தொட்டாற்சிணுங்கியா?

தேக்கா வாசி:
அவர் சொன்னதே அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது என்பதற்குச் சாட்சி. பணியிட நியாயச் சட்டம் 2025இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது. இன நல்லிணக்கத்துக்கும் அதே வருடம் சட்டம் நிறைவேறியது. இன்னும் என்ன வேண்டும்?

வீடு விற்ற கதை வேறு, குழம்புக் கதை வேறு. பேச்சை மாற்றாதீர்கள்.

அங் மோ கியோ பாலன்:
பணியிடச் சட்டம் 25 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களைத் தொடாது. "மாண்டரின் தெரிய வேண்டும்" என்று போட்டுவிட்டால் பெரிய இடத்திலும் தப்பிக்கலாம், வேலைக்குத் தேவை என்று காட்டினால் போதும். காப்பிக்கடைத் தட்டு எடுக்க எதற்கு மாண்டரின்?

2019 விளம்பரம் ஞாபகம் இருக்கிறதா? ஒரு சீன நடிகரின் முகத்தில் கறுப்பு பூசி இந்தியராக நிறுத்தினார்கள். இந்திய நடிகரே கிடைக்கவில்லை பாவம். அதைத் திட்டிப் பாட்டுப் போட்ட உடன்பிறப்புகள் இருவருக்கும் போலீஸ் 24 மாத நிபந்தனை எச்சரிக்கை. பூசியவர்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

தேக்கா வாசி:
அந்தப் பாட்டில் கெட்ட வார்த்தை இருந்ததே, அதைச் சொல்ல மாட்டீர்களா? மரியாதையாகச் சொல்லியிருந்தால் யார் தடுத்தார்கள்?

ஜோகூர் மணியம்:
பாலத்துக்கு இந்தப் பக்கம், மலேசியாவிலிருந்து, வேடிக்கை பார்க்கிறேன். உங்களுடையதெல்லாம் சொகுசுப் பிரச்சினை. இங்கே 1971இலிருந்து கொள்கை போட்டே ஒதுக்கினார்கள். எங்கள் பிள்ளைகள் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டுப் பல்கலைக்கழக இடத்துக்குக் கைகட்டி நிற்கிறார்கள். நீங்கள் வாடைக்கு அழுகிறீர்கள்.

செங்காங் செல்வி:
இதற்குத்தான் காத்திருந்தேன். யார் அதிகம் அடி வாங்கினார் என்று போட்டி வைக்கவில்லை மணியம் அண்ணே.

ஜோகூர் மணியம்:
வைத்தால் நாங்கள்தான் முதல் பரிசு. அது போகட்டும், சிங்கப்பூர்க் குழம்பு என்று பெருமைப்படுகிற மீன்தலைக் குழம்பே மலையாளி ஒருவர் கண்டுபிடித்தது. தமிழன் குழம்பு தமிழன் குழம்பு என்று எல்லாரும் துள்ளுகிறீர்கள்.

தேக்கா வாசி:
யார் சொன்னது? ரேஸ் கோர்ஸ் ரோட்டில் மீன்தலைக் குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவன் நான். எனக்கே பாடமா?

ஜோகூர் மணியம்:
கோமஸ் என்ற மலையாளி 1949இல் போட்ட கடை. மீன் தலையைச் சீன வாடிக்கையாளர் விரும்புகிறார்கள் என்று கண்டுகொண்டு செய்தது. சாப்பிட்டு வளர்ந்தால் மட்டும் போதாது.

தேக்கா வாசி:
பார்த்தீர்களா! சீனர் விரும்பியதால் உண்டான குழம்பு! சீனருக்கு நம் குழம்பு பிடிக்காது என்று எழுதிய செல்வி இப்போது என்ன சொல்வார்? நான் முதலிலிருந்தே சொல்வது இதைத்தான்.

செங்காங் செல்வி:
நான் எங்கே அப்படி எழுதினேன்? மேலே போய்ப் படியுங்கள்.

மதுரை எஸ்பாஸ்:
குழம்பைப் பிடிக்கும், குழம்பு வைப்பவனுக்கு அறை தர மாட்டார்கள். கடையில் முதுகைத் தட்டுகிற அதே ஆள் மின்தூக்கியில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்.

தேக்கா வாசி:
தம்பி, உண்மையைச் சொன்னால் கோபப்படக்கூடாது. நாங்கள் இரண்டு மூன்று தலைமுறையாக இங்கே நல்ல பெயர் எடுத்து வைத்திருந்தோம். 2005 இந்திய-சிங்கப்பூர்ப் பொருளாதார ஒப்பந்தத்துக்கு அப்புறம் கூட்டமாக வந்து, புளோக்கின் கீழே திறந்த வெற்றிடத் தளத்தில் சத்தமாகப் பேசி, எம்ஆர்டி ரயிலில் ஸ்பீக்கரில் படம் பார்த்து... வீட்டுக்காரர்கள் பயப்படாமல் என்ன செய்வார்கள்?

மதுரை எஸ்பாஸ்:
இப்போது பேசுவது வீட்டுக்காரரா, நீங்களா?

அங் மோ கியோ பாலன்:
அண்ணே, 2021இல் சுவா சூ காங்கில் ஒரு இந்திய அம்மாவைத் திட்டி மார்பில் உதைத்தான் ஒருவன். வேகமாக நடந்தபோது முகக்கவசத்தைக் கீழே இறக்கியிருந்தாராம். அவர் எந்த வருடம் வந்தார் என்று உதைத்தவன் கேட்டுக்கொண்டா உதைத்தான்? தெருவில் உங்களையும் இந்தத் தம்பியையும் பிரித்துப் பார்க்க யாருக்கும் நேரம் இல்லை.

தேக்கா வாசி:
அவனுக்குத் தண்டனை கிடைத்தது. சட்டம் வேலை செய்தது. என் கேள்வி அப்படியே நிற்கிறது, ஒருவரும் பதில் சொல்லவில்லை. சமரச நிலையம் உத்தரவு போட்டதா இல்லையா? ஆம், இல்லை என்று ஒரே வரி போதும்.

செங்காங் செல்வி:
இல்லை. போடவில்லை. நானும் அப்படிச் சொல்லவே இல்லை. உத்தரவு இல்லாமலே நாம்தான் அடுப்பை அணைக்கிறோம் என்கிறேன். அந்த வீட்டுக்காரர்களிடம் ஊதுபத்தியையோ வாடை வீசும் டுரியான் பழத்தையோ நிறுத்தச் சொல்லி யாராவது கேட்டார்களா?

தேக்கா வாசி:
ஒத்துக்கொண்டீர்கள். நன்றி. எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள், உத்தரவு போடவில்லை என்று செல்வியே எழுதிவிட்டார்.

அங் மோ கியோ பாலன்:
கடவுளே.

ஜோகூர் மணியம்:
டுரியானை எதற்கு இழுக்கிறீர்கள்? அதுவும் எங்கள் பக்கத்திலிருந்துதான் உங்களுக்கு வருகிறது.

தேக்கா வாசி:
பாலன், ஒளியூட்டுப் படத்தைத் தேடி எடுத்துவிட்டேன். மயில்தான். தோகை தெளிவாகத் தெரிகிறது. இந்த இழையிலேயே போடவா, அங்கே போடவா?