ஆழ்மூளைத் தூண்டலா, ஆழ்மூளை மின்துடிப்பா?

நண்பர்களுக்கு வணக்கம்.

டீப் பிரெய்ன் ஸ்டிமுலேஷன் (டிபிஎஸ்) என்பது பார்க்கின்சன் போன்ற நோய்களுக்கு, மூளையின் ஆழத்தில் மின்முனையை வைத்து மின்சாரம் அனுப்பும் சிகிச்சை. அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை, 'ஆழ்மூளைத் தூண்டல்' என்று வைத்து முடித்துவிடலாம் என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். முதல் பாதியில் எனக்குச் சண்டை இல்லை. ஆழ்கடல் என்றால் கடலின் ஆழமான பகுதி, ஆழ்மூளையும் அப்படித்தான். ஆழ்மனம் நினைவுக்கு வந்து, ஏதோ உளவியல் சங்கதி என்று சிலர் நினைக்கலாம். பக்கத்தில் பார்க்கின்சன் என்று இருந்தால் அது தெளிந்துவிடும். என்னை உறுத்துவது 'தூண்டல்'.

திரியைத் தூண்டினால் சுடர் நிமிரும். மங்கிக் கிடப்பதைக் கிளப்பிவிடுவதைத்தான் தூண்டல் என்கிறோம். பார்க்கின்சன் வந்தவர் காலை இழுத்து நடக்கிறார், சட்டைப் பொத்தான் போட வெகு நேரம் ஆகிறது, முகத்தில் பாவனை குறைந்துபோகிறது. அவருக்கு மூளையில் தூண்டல் என்றதும் வீட்டார் என்ன நினைப்பார்கள்? உள்ளே தூங்கும் ஒரு பகுதியை மின்சாரம் தட்டி எழுப்புகிறது என்றுதான். நடப்பது கிட்டத்தட்ட நேர்மாறு. டோபமின் என்ற மூளை வேதிப்பொருள் குறைந்துபோனதால், மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் என்ற பகுதிக்கு அடியில் இருக்கும் ஒரு சிறு நரம்பணுத் திரள் அளவுக்கு மீறி வேலை செய்கிறது. நொடிக்கு 13 முதல் 30 முறை வரை அடிக்கும் ஒரு தாளம் அங்கே ஓங்கி ஒலிக்கிறது. அசைவின் மந்தத்துக்கும் விறைப்புக்கும் அதோடு தொடர்பு உண்டு. பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் அந்தத் தாளம் தணிகிறது. மின்முனை வழியே நொடிக்குச் சுமார் 130 துடிப்புகள் அனுப்பினாலும் தணிகிறது.

வந்த கதையும் இதையேதான் சொல்கிறது. முன்பெல்லாம் நடுக்கத்தை நிறுத்த, தலாமஸில் ஒரு புள்ளியைச் சுட்டு அழிப்பார்கள். அழிக்கும் முன் இடம் சரிதானா என்று மின்சாரம் கொடுத்துச் சோதிப்பது வழக்கம். பிரான்சின் கிரெனோபிள் நகரில் நரம்பறுவை மருத்துவர் அலிம் லூயி பெனாபிட் அப்படிச் சோதித்தபோது, அதிர்வெண் நொடிக்கு 100 பக்கம் ஏறியதும் நடுக்கம் நின்றது. 1987-இல் அதையே சிகிச்சையாக்கினார். 1993-இல் அவருடைய குழு தலாமஸுக்கு அடியிலுள்ள திரளுக்குப் போனது. அங்கே நடுக்கத்தோடு விறைப்பும் மந்தமும் குறைந்தன. சுட்டு அழித்த பலனைத் தரும் ஒன்றுக்குப் பெயர் 'தூண்டல்'! ஆங்கிலப் பெயரில் உள்ள கோணலை நாமும் எதற்குச் சுமக்க வேண்டும்?

இழையில் வந்த மற்ற சொற்கள். 'மின்தூண்டல்' வேண்டாம். பள்ளிப் பாடநூலில் ஏற்கெனவே மின்காந்தத் தூண்டல் இருக்கிறது, கம்பிச்சுருளுக்கு மின்தூண்டி என்றே பெயர். மண்டைக்கு வெளியே காந்தச் சுருளை வைத்துச் செய்யும் சிகிச்சையில் உண்மையாகவே அந்தத் தூண்டல்தான் நடக்கிறது. சொல்லை அதற்கு விட்டுவைப்போம். 'ஆழ்மூளைப் பண்பேற்றம்' (மாடுலேஷன்) கேட்டால் வானொலி நிலையம் வைத்தது போல இருக்கிறது. இதயமுடுக்கியை (பேஸ்மேக்கர்) பார்த்து 'மூளைமுடுக்கி' என்றார் ஒருவர். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், மூலைமுடுக்கெல்லாம் தேடுகிற மாதிரி இல்லை?

'ஆழ்மூளைச் சீராக்கம்' அழகான சொல். ஆனால் அது வாக்குறுதி கொடுக்கிறது. கருவியை இயக்கியதும் சில நொடிகளில் நடுக்கம் நிற்கலாம். நடை திருந்த மணிக்கணக்கு, சிலருக்கு நாள்கணக்கும் ஆகும். மாத்திரைக்கு அசையாத தள்ளாட்டம் பெரும்பாலும் இதற்கும் அசையாது. பேச்சு சிலருக்கு முன்பைவிடக் குழறும். நோய் உள்ளே வளர்வதை இது நிறுத்துவதும் இல்லை. ஒப்புதல் படிவத்தில் 'சீராக்கம்' என்று படித்துக் கையெழுத்துப் போட்டவர் பிறகு நம்மைக் கேட்டால் என்ன சொல்வது?

நரம்பிழைகள் உண்மையில் தூண்டப்படவே செய்கின்றன, ஆகவே தூண்டல் தவறில்லை என்று ஒரு நண்பர் தனிமடலில் மறுத்தார். சரி, அதுவும் உண்டு. நரம்பணுவின் உடல் அடங்கும்போதே அதிலிருந்து போகும் இழை கிளர்ச்சி அடையலாம். அடக்குகிறதா, குழப்புகிறதா, கெட்ட தாளத்தின் மேல் வேறொரு தாளத்தை எழுதுகிறதா என்ற வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. அதனால்தான் சொல்கிறேன், மூளையில் என்ன விளைகிறது என்பதை வைத்துப் பெயரிட வேண்டாம். கருவி என்ன செய்கிறது என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. காறை எலும்புக்குக் கீழே தோலுக்குள் வைத்த பெட்டி, பொதுவாக ஒவ்வொன்றும் 60 மைக்ரோநொடி அளவுள்ள மின்துடிப்புகளை அனுப்புகிறது. ஆகவே என் பரிந்துரை 'ஆழ்மூளை மின்துடிப்பு'. சிகிச்சையைக் குறிக்கும்போது 'ஆழ்மூளை மின்துடிப்புச் சிகிச்சை', பெட்டிக்குத் 'துடிப்பாக்கி'.

இதிலும் ஓட்டை இருக்கிறது. 'மின்' என்றதும் ஷாக் டிரீட்மென்ட் நினைப்பு வந்து பயப்படுவார்கள். அதற்காக 'மின்'னை எடுத்தால் 'ஆழ்மூளைத் துடிப்பு' என்றாகி, மூளையின் சொந்தத் துடிப்பு போலத் தொனிக்கும். அந்தச் சொந்தத் தாளம்தானே இங்கே வில்லன்! எனவே 'மின்' இருக்கட்டும். மருத்துவரும் நோயாளியும் பேச்சில் டிபிஎஸ் என்றுதான் சொல்லப்போகிறார்கள். நாம் கட்டுரைக்கும் படிவத்துக்கும் சொல் தேடுகிறோம்.

அப்புறம், 'ஆழ்மூளைத் தூண்டல்' இரண்டாம் வேற்றுமைத் தொகை, ஒற்று மிகாது என்று மூன்று நாளாக ஓடும் வழக்கு. மூளைச்சலவைக்கு மிகுத்துத்தானே எழுதுகிறோம்? எப்படியானாலும், 'மூளை'க்குப் பின்னால் 'மின்' வந்தால் அந்த வழக்கே எழாது.